வாளி, வேட்டி, பழைய ஃபிரிட்ஜ்: மெல்பர்னில் வீட்டு பீர்

ஒருவழியாகக் குடிக்கிற மாதிரி ஒரு பீர் வந்துவிட்டது. 10 லிட்டர், சுமார் 4.3 சதவீத ஆல்கஹால், காஸ்கேட் என்ற வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) போட்ட, பேல் ஏல் என்னும் சாதாரண வெளிர் நிற பீர். போட்டிக்கு அனுப்பும் தரம் இல்லை, ஆனால் வீட்டுக்கு வந்தவருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே தைரியமாக உட்காரலாம். முதலில் செய்த 23 லிட்டருக்கு அந்தத் தைரியம் வரவில்லை. எது எந்த வரிசையில் நடந்தது, என்ன அளவு, என்ன செலவு, எதை வாங்கியிருக்கவே வேண்டாம் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் சட்டம். ஆஸ்திரேலியாவில் சொந்தமாகக் குடிப்பதற்கு வீட்டில் பீர் செய்யலாம், விற்கக் கூடாது. அதையே காய்ச்சி வடித்துச் சாராயமாக்கினால் உரிமம் வேண்டும், இல்லையென்றால் குற்றம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது, உரிமம் இல்லாமல் பீர் செய்வதே அங்கே குற்றம். ஆகவே ஊரில் இருக்கும் தம்பிகள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

இங்கே ஆரம்பிப்பது ரொம்பச் சுலபம், அதுதான் ஆபத்தும். சூப்பர் மார்க்கெட்டிலேயே கூப்பர்ஸ் டின் கிடைக்கும். அடிலெய்டில் 1862இல் ஆரம்பித்த குடும்ப மதுவாலை, இன்று இந்த நாட்டில் வீட்டு பீர் செய்கிற பலர் முதலில் திறந்தது அவர்கள் டின்னாகத்தான் இருக்கும். உள்ளே 1.7 கிலோ கெட்டியான மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) பாகு, ஹாப்ஸ் ஏற்கெனவே சேர்த்தது. மூடிக்கு அடியில் 7 கிராம் உலர் ஈஸ்ட். இதோடு 1 கிலோ டெக்ஸ்ட்ரோஸும் மால்டோடெக்ஸ்ட்ரினும் கலந்த சர்க்கரை, தண்ணீர் ஊற்றி மொத்தம் 23 லிட்டர். அடுப்பே வேண்டாம். 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, அடியில் குழாய், ஏர்லாக் (உள்ளே உண்டாகும் வாயுவைக் குமிழியாக வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு), ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளப்பது), 740 மில்லி பிளாஸ்டிக் பாட்டில் 30, எல்லாம் சேர்த்து எனக்கு 110 டாலர் ஆனது.

நான் ஆரம்பித்தது ஜனவரியில். மெல்பர்ன் ஜனவரி என்றால் தெரிந்தவர்களுக்குப் புரியும், இன்று 21 டிகிரி, நாளை 39. பாகை 2 லிட்டர் வெந்நீரில் கரைத்து, மீதிக்குக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பு. வாளியின் வெளியே ஒட்டியிருந்த வெப்பமானிப் பட்டை 29 காட்டியது. கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருக்கப் பொறுமை இல்லை, ஈஸ்ட்டைத் தூவி மூடிவிட்டேன். வாளி கராஜில்.

மறுநாள் ஏர்லாக்கில் ஒரு குமிழி கூட இல்லை. வீடியோக்களில் எல்லாம் மணிக்கணக்கில் பொளபொளவென்று வருகிறது, இங்கே சத்தமே இல்லை. மூடியை இறுக்கினேன், ரப்பர் வளையத்தில் வாசலின் தடவினேன், திறந்து பார்த்தேன், மறுபடி மூடினேன். கடைசியில் ஹைட்ரோமீட்டர் என்று ஒன்று வாங்கி வைத்திருக்கிறோமே என்று ஞாபகம் வந்து குழாயைத் திறந்து கொஞ்சம் பிடித்து அளந்தால் 1.020 (வெறும் தண்ணீர் 1.000, சர்க்கரை கரைந்தால் ஏறும், ஈஸ்ட் அதைத் தின்னத் தின்ன இறங்கும்). ஆரம்பத்தில் 1.038 இருந்தது. அதாவது பாதி வேலை முடிந்தே போயிருந்தது, வாயு ஏர்லாக் வழியாக வராமல் மூடியின் இடுக்கு வழியாகப் போயிருக்கிறது. ஏர்லாக்கை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. இங்கே பழைய ஆட்கள் பலர் மூடியையே கழற்றிப் போட்டுவிட்டு, வாளி வாயில் சமையலறை பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி ரப்பர் வளையத்தை மாட்டிவிடுகிறார்கள். உள்ளே நுரை எழும்புவது கண்ணுக்குத் தெரியும், கழுவ வேண்டிய மூடியும் இல்லை. நானும் இப்போது அப்படித்தான்.

அந்த வாரம் பட்டை 32 வரை ஏறியது. வீட்டுக்காரி கராஜுக்குத் துணி எடுக்கப் போனவள் திரும்பி வந்து, "என்னங்க, அங்க யாராச்சும் நெயில் பாலிஷ் ரிமூவரைக் கொட்டிட்டீங்களா?" என்று கேட்டாள். அவள் மூக்குச் சரியாகச் சொல்லிவிட்டது. ஈஸ்ட் அதிகச் சூட்டில் வேகமாக வேலை செய்யும்போது எத்தில் அசிடேட் போன்ற எஸ்டர்களும் கனமான ஆல்கஹால்களும் கூடுதலாக உருவாகும். அந்த வாடை அதுதான். மூன்று நாளைக்குள் 1.008க்கு வந்து நின்றுவிட்டது, சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

பாட்டில் அடைப்பது மட்டும் அதில் ஒழுங்காக நடந்தது. அடுத்தடுத்த நாள் அளவு மாறாமல் நின்றால்தான் அடைக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டில் வெடிக்கும், கண்ணாடி என்றால் நிஜமாகவே ஆபத்து. பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு வசதி உண்டு. வாயு ஏறினால் பாட்டில் கல்லாக இறுகிவிடும், கையால் அமுக்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். உள்ளே வாயு உண்டாக ஒரு பாட்டிலுக்கு 2 சர்க்கரை வில்லை போட்டு, இரண்டு வாரம் வைத்து, குளிர வைத்துத் திறந்தேன். நுரை நன்றாக வந்தது. நிறமும் சரி. குடித்தால் முதலில் பச்சை ஆப்பிள், பின்னால் தொண்டையில் ஒரு சூடு. இரண்டு டம்ளர் குடித்த மறுநாள் தலை கனத்தது. மூன்று மாதம் கழித்து அதில் மிச்சமிருந்ததைத் திறந்தபோது ஆப்பிள் வாடை போயிருந்தது, தொண்டைச் சூடு போகவில்லை. மீதியைச் சாக்கடையில் ஊற்றினேன்.

அலுவலகத்தில் இருபது வருடமாக பீர் செய்யும் ஒரு ஆஸ்திரேலியர் இருக்கிறார். ஒரு வாய் குடித்துவிட்டு, "எத்தனை டிகிரியில் வைத்தாய்?" என்று கேட்டார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய அறிவுரை இரண்டே: 18 டிகிரிக்கு வழி செய்யாமல் அடுத்த டின்னைத் திறக்காதே, வாளியைக் கழுவ மணமில்லாத நாப்பி வாஷ் வாங்கு. குழந்தைத் துணி ஊறவைக்கும் தூள்தான், அதில் வேலை செய்வது சோடியம் பெர்கார்பனேட். வெந்நீரில் கரைத்து இரவு ஊறவிட்டால் காய்ந்த நுரைப் படலம் தேய்க்காமலே வருகிறது. தேய்க்கக் கூடாது என்பதும் முக்கியம், பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் கிருமி குடியேற இடம் ஆகிவிடும். கழுவிய பிறகு கிருமி நீக்க ஸ்டார் சான், லிட்டருக்கு 1.5 மில்லி. அலச வேண்டாம், அந்த நுரையோடேயே பீரை ஊற்றலாம். முதலில் நம்பிக்கை வரவில்லை, சோப்பு நுரை மாதிரி இருக்கிறதே என்று அலசித் தொலைத்தேன், குழாய்த் தண்ணீரில் அலசினால் கிருமி நீக்கியதே வீண். இப்போது ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் கலந்து வைத்துக்கொண்டு கை, கத்தரி, ஈஸ்ட் பொட்டலத்தின் வெளிப்பக்கம் எல்லாவற்றிலும் அடிக்கிறேன்.

நம் வீடுகளுக்கு மட்டும் உரிய ஒரு எச்சரிக்கை: இட்லி மாவு ஆட்டும் நாளில் பீர் வேலை வேண்டாம். மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் பீருக்குள் போனால் பீரும் புளிக்கும். கிரைண்டரைக் கழுவிய ஸ்பாஞ்சும் மாவுக் கரண்டியும் என் வாளிப் பக்கம் வரக் கூடாது என்று வீட்டில் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்.

சரி, குளிர்ச்சி. முதலில் இலவச வழியைப் பார்த்தேன். குழந்தை குளிக்கும் பெரிய டப்பில் தண்ணீர், அதற்குள் வாளி, வாளிக்குப் பழைய டீ சர்ட் போர்த்தி, ஜூஸ் பாட்டில்களில் உறைய வைத்த ஐஸைக் காலையும் இரவும் மாற்றுவது. வெறும் தண்ணீர் நிரப்பிச் சோதித்துப் பார்த்ததில் சுற்றுச் சூட்டைவிட 5, 6 டிகிரி குறைகிறது. 24 டிகிரி நாளுக்கு அது போதும். 39க்குப் போதாது, அதோடு ஒரு இரவு வெளியே போனால் ஐஸ் மாற்ற ஆளில்லை. அதனால் 50 டாலருக்கு ஒரு பழைய ஃபிரிட்ஜ் வாங்கினேன், மேலே ஃப்ரீசர் இல்லாத, உயரமான வகை.

வாங்கப் போகும்போது டேப் எடுத்துப் போங்கள், உள் அகலத்தை மட்டும் அளந்து திருப்திப்படாதீர்கள். என் ஃபிரிட்ஜின் உள் அகலம் 48 சென்டிமீட்டர், வாளியின் விட்டம் 36, தாராளம். ஆனால் அடியில் பின்பக்கம் கம்ப்ரசருக்காக ஒரு மேடு இருக்கிறது, வாளி உட்கார இடம் இல்லை. கண்ணாடித் தட்டு 25 கிலோவைத் தாங்காது. தூக்கிப் போட்ட மரப் பேலட் ஒன்றிலிருந்து பலகையை எடுத்து, மேட்டின் உயரத்துக்குச் சரியாக நாலு கால் வைத்து ஒரு சின்ன மணை செய்தேன். வெட்டி, உப்புத்தாள் போட்டு, திருகி முடிக்க ஒரு மதியம். ஆணி வேண்டாம், திருகாணி போடுங்கள், ஈரத்தில் பலகை நெளியும்போது ஆணி கழன்றுவிடும்.

ஃபிரிட்ஜின் சொந்தத் திருகு 2 முதல் 8 டிகிரிக்குத்தான் லாயக்கு. 18இல் நிறுத்த வெளியே ஒரு கன்ட்ரோலர் வேண்டும், எனக்கு 45 டாலர். அதில் இரண்டு பிளக்: ஒன்றில் ஃபிரிட்ஜ், மற்றதில் குளிர்காலத்துக்கு வாளியைச் சுற்றும் 25 வாட் சூட்டுப் பட்டி. சென்சரை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் உள்ளே காற்றில் தொங்கவிட்டேன். காற்று சட்டென்று குளிரும், கன்ட்ரோலர் நிறுத்தும், காற்று சட்டென்று சூடாகும், மறுபடி ஓடும். திரை 18 காட்டிக்கொண்டிருக்க வாளிக்குள் 21, ஏனென்றால் நொதிக்கும்போது பீர் தானே சூடு உண்டாக்கும். இப்போது சென்சரை வாளியின் பக்கத்தில், திரவ மட்டத்துக்குக் கீழே வைத்து, மேலே மடித்த துணியை வைத்து டேப் ஒட்டுகிறேன். கன்ட்ரோலரில் 0.5 டிகிரி மாறினால் ஓடும்படியும், அணைந்த கம்ப்ரசர் மறுபடி ஓட 5 நிமிடம் தாமதிக்கும்படியும் வைத்திருக்கிறேன். தாமதம் வைக்காமல் அடிக்கடி அணைத்துப் போட்டால் கம்ப்ரசர் போய்விடும்.

இந்த இடத்தில் இன்னொரு டின் வாங்கிப் போட்டிருந்தால் நல்ல பீர் வந்திருக்கும். எனக்கோ தானியத்திலிருந்தே செய்து பார்க்க ஆசை. அதற்கு ஆஸ்திரேலியர்கள் உருவாக்கிய ஒரு சிக்கனமான வழி இருக்கிறது: ஒரே பாத்திரம், ஒரு துணிப் பை. பையில் மால்ட்டைப் போட்டு வெந்நீரில் ஊற வைத்து, பையைத் தூக்கிவிட்டு, அதே பாத்திரத்தில் கொதிக்க வைப்பது. 19 லிட்டர் ஸ்டெயின்லெஸ் பாத்திரம் 30 டாலருக்குக் கிடைத்தது, அடுப்பிலேயே 10 லிட்டர் பீர் செய்யலாம்.

உடைக்காத மால்ட் விலை கொஞ்சம் குறைவு. வீட்டில்தான் மிக்ஸி இருக்கிறதே. 2 கிலோ பேல் மால்ட், 200 கிராம் கிரிஸ்டல் மால்ட், ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு விட்டு விட்டு அடித்தேன். பாதி மாவு, பாதி முழு மணி. பைக்கு அப்பாவின் பழைய மல் வேட்டி ஒன்று, சோப்பு வாடை போக வெறும் வெந்நீரில் கொதிக்க வைத்து எடுத்தது. வேட்டியைப் பாத்திரத்தில் விரித்து, 69 டிகிரி தண்ணீரில் மால்ட்டைக் கொட்டினேன். மாவு தண்ணீர் பட்டதும் உருண்டை கட்டியது, உள்ளே காய்ந்த மாவு, வெளியே பசை. ஒரு மணி நேரம் கழித்து வேட்டியைத் தூக்கினால் வடியவே மாட்டேன் என்கிறது. நெசவு அவ்வளவு நெருக்கம், அதில் பசை வேறு. முறுக்கிப் பிழிந்ததில் முழங்கை வரை சூட்டுத் தண்ணீர் வழிந்தது. கடைசியில் ஹைட்ரோமீட்டர் 1.034 காட்டியது, நான் எதிர்பார்த்தது 1.043. பீர் 18 டிகிரியில் அமைதியாக நொதித்து, சுத்தமாக, வாடை இல்லாமல், ஆனால் தண்ணீராக வந்தது. வேட்டி குப்பைக்குப் போனது.

அடுத்த முறை கடையிலேயே உடைத்து வாங்கினேன், கூடுதல் காசு கேட்கவில்லை. உமி முழுசாக, உள்ளே பருப்பு மட்டும் நாலைந்தாக உடைந்திருக்க வேண்டும், மிக்ஸியால் அது முடியாது. பைக்கு ஜன்னலில் தொங்கும் மெல்லிய வாய்ல் திரைத் துணி ஒரு மீட்டர் 9 டாலர், வீட்டுத் தையல் மெஷினில் இரட்டைத் தையல், வாயில் நாடா. தூக்கினால் கடகடவென்று வடிகிறது.

அளவுகளை அப்படியே தருகிறேன். தண்ணீர் 15 லிட்டர், 69 டிகிரிக்குச் சூடாக்கி அடுப்பை அணைத்து, மால்ட்டைக் கிளறிக்கொண்டே போட்டால் 66இல் நிற்கும். மூடி, இரண்டு போர்வை சுற்றி, 60 நிமிடம். திறந்தபோது 64 இருந்தது, பரவாயில்லை. பையைத் தூக்கி அடுப்பின் மேல் அலமாரிக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டேன் (கைப்பிடி உறுதியா என்று முதலில் ஆட்டிப் பாருங்கள், என்னுடையது லேசாகக் கழன்றது). பிறகு கொதி. முதல் கொதி வரும் நிமிடத்தில் அங்கிருந்து நகரக் கூடாது, பால் மாதிரி ஒரே மூச்சில் பொங்கி வழியும். மால்ட் பாகு கேஸ் அடுப்பில் கருகினால் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம். நுரையைக் கரண்டியால் கலைத்துக்கொண்டே இருந்தால் இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும்.

கொதி 60 நிமிடம். ஆரம்பத்தில் 15 கிராம் காஸ்கேட், அது கசப்புக்கு. முடிய 10 நிமிடம் இருக்கும்போது 10 கிராம், அணைத்த பிறகு இன்னும் 15 கிராம், இவை மணத்துக்கு. தராசு 1 கிராம் வரை காட்டினால் போதும். வீட்டில் இருந்த பழைய தராசு 5 கிராம் தாவித் தாவிக் காட்டியது, 12 டாலருக்கு இன்னொன்று வாங்கினேன், செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான்.

ஆற வைப்பதுதான் இன்னும் இழுவை. சமையலறை சிங்க்கில் தண்ணீர் மாற்றி மாற்றி, பெட்ரோல் பங்கில் வாங்கிய 5 கிலோ ஐஸ் மூட்டையும் போட்டு, 20 டிகிரிக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதலில் தண்ணீர், 40க்குக் கீழே வந்த பிறகு ஐஸ், அந்த வரிசைதான் சரி. கொதிநிலையிலேயே ஐஸைக் கொட்டினால் கண் முன்னால் கரைந்து வீணாகிறது. பிறகு வாளிக்கு உயரத்திலிருந்து ஊற்றினேன், இந்த ஒரு கட்டத்தில் மட்டும் காற்று கலப்பது ஈஸ்ட்டுக்கு நல்லது, நொதித்த பிறகு காற்றுப் பட்டால் நனைந்த அட்டை ருசி வரும். வாளியில் 10 லிட்டரும் சொச்சமும், 1.043. ஈஸ்ட் யூஎஸ் 05, பொட்டலம் 11.5 கிராம், இந்த அளவுக்குப் பாதியே போதும், நான் முழுவதும் போட்டேன்.

18 டிகிரியில் பத்து நாள், 1.010க்கு வந்து அசையாமல் நின்றது. பிறகு 2 டிகிரிக்கு இறக்கி இரண்டு நாள் விட்டேன், மிதந்த ஈஸ்ட்டும் ஹாப்ஸ் துகளும் அடியில் உட்கார்ந்து தெளிந்துவிட்டது. வில்லைக்குப் பதிலாக இந்த முறை 58 கிராம் டெக்ஸ்ட்ரோஸை ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்க வைத்து இன்னொரு வாளியில் ஊற்றி, அதன் மேல் பீரைச் சலனமில்லாமல் குழாய் வழியே இறக்கினேன். சுமார் 9 லிட்டர் தேறியது, லிட்டருக்கு 6.5 கிராம் கணக்கு. எல்லாப் பாட்டிலிலும் ஒரே அளவு வாயு, வில்லையைவிட மலிவு. குழாய் முனையில் வால்வு வைத்த குச்சி 5 டாலர், பாட்டிலின் அடியைத் தொட்டால் திறக்கும், தூக்கினால் மூடும். அது இல்லாமல் அடைத்த நாளில் கராஜ் தரை முழுக்கப் பிசுபிசுப்பு.

கணக்கு: மால்ட் 13 டாலர், ஹாப்ஸ் 6, ஈஸ்ட் 7, மொத்தம் 26. 375 மில்லி கணக்கில் 24 வரும், கடையில் அதே மாதிரி ஒரு பெட்டி 60 டாலருக்கு மேல். மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். பாத்திரம், ஃபிரிட்ஜ், கன்ட்ரோலர், வாளி எல்லாம் சேர்த்து 240 டாலர் தாண்டிவிட்டது என்று அவள் ஃபோனில் கணக்குப் போட்டுக் காட்டினாள். கரண்டுக் காசையும் நாப்பி வாஷையும் அவள் இன்னும் சேர்க்கவில்லை.

ருசியில் குறை இருக்கிறது. நுரை சீக்கிரம் அடங்குகிறது, காஸ்கேட்டின் ஆரஞ்சுத் தோல் மணம் மூன்றாவது வாரத்திலேயே பாதி குறைந்துவிட்டது. அணைத்த பிறகு போடும் ஹாப்ஸை 25 கிராமாக்கப் போகிறேன். மெல்பர்ன் தண்ணீர் மென்மையானது, ஹாப்ஸ் தூக்கலாகத் தெரிய அரை டீஸ்பூன் ஜிப்சம் சேர்க்கச் சொல்கிறார் அலுவலக நண்பர், அதையும் பார்க்க வேண்டும். ஐஸ் வாங்கும் வேலையை நிறுத்திவிட்டு, கொதித்ததைச் சூட்டோடு கெட்டியான பிளாஸ்டிக் கேனில் நிரப்பி மூடி, தானாக ஆறவிட்டு மறுநாள் ஈஸ்ட் போடும் முறையும் இங்கே பலரிடம் இருக்கிறது. கேன் கொதிநீர் தாங்கும் வகையா என்று அடியில் உள்ள குறியைப் பார்த்து வாங்க வேண்டும், 15 டாலர்.

அடுத்தது குளிர்காலத்துக்கு ஒரு ஸ்டவுட், அதாவது வறுத்த தானியம் போட்ட கருநிற பீர். இலங்கைக் கடையில் பனங்கருப்பட்டி கிடைக்கிறது, கொதி முடிய 10 நிமிடம் இருக்கும்போது 200 கிராம் உடைத்துப் போடலாம் என்று இருக்கிறேன். இனிப்பு முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடும், கருப்பட்டியின் புகை வாசம் மிஞ்சுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வறுத்த பார்லி 150 கிராம் வாங்கியாயிற்று. இந்த முறை அலமாரிக் கைப்பிடி வேண்டாம், கராஜ் உத்தரத்தில் ஒரு கொக்கி அடித்திருக்கிறேன்.